கணக்கெடுக்க மட்டும் வரும் கண்காணிப்பு வேண்டாம்

விடுதலைப் புலிகள் 3,830. அரசாங்கம் 351. இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு 2007 ஏப்ரல் இறுதி வரைக்கும் ஆராய்ந்து, மீறல்தான் என்று தீர்மானித்தவற்றின் தொகை இது. அரசாங்கத் தரப்பில் இருந்தவர்கள் இந்த எண்களை மேடை மேடையாகச் சொன்னார்கள். இயக்கத்துக்கு ஆதரவாக இருந்தவர்கள், எண்ணியவர்களின் நடுநிலை பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் பிராந்தியச் செய்தியாளராக இருந்தவன் நான். அந்த 3,830க்குள் இருந்த சில பிள்ளைகளின் தாய்மாரையும், 351க்குள் இருந்த சில வீடுகளையும் எனக்குத் தெரியும். எண்கள் சரியா பிழையா என்பது எனக்குப் பெரிய பிரச்சினையாக ஒருபோதும் இருந்ததில்லை. எண்ணி முடித்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. உக்ரைன், காசா, லெபனான் என்று எங்கே போர்நிறுத்தப் பேச்சு எழுந்தாலும், “சர்வதேசக் கண்காணிப்பாளர்களை அனுப்புவோம்” என்ற யோசனை கூடவே வருகிறது. அனுப்பட்டும். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்த அதிகாரத்தோடு, எந்த முடிவை நோக்கி, யாருடைய பாதுகாப்புக்காக என்று கேட்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஆறு ஆண்டுகள் கூட இருந்து பார்த்தவர்கள்.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒரு நல்ல ஒப்பந்தம். முன்னரங்கு உள்ள இடங்களில் இரு படைகளுக்கும் இடையே குறைந்தது 600 மீற்றர் இடைவெளி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கோயில்களிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் படையினர் வெளியேற நாள் குறித்திருந்தது. வடக்குக்கும் கிழக்குக்கும் போகக்கூடாது என்று ஆண்டுக்கணக்காகத் தடுக்கப்பட்டிருந்த சாமான்களில் எவை எவை இனித் தடையில்லை, எவை தொடர்ந்தும் தடை என்று பின்னிணைப்பில் பட்டியலே போட்டிருந்தார்கள். பென்ரோர்ச் பற்றரி வரைக்கும் அதில் பேசப்பட்டது. யுத்தம் சனங்களின் அன்றாட வாழ்க்கைக்குள் எவ்வளவு ஆழமாக நுழைந்திருந்தது என்பதை அறிந்தவர்கள்தான் அந்தப் பட்டியலைப் போட்டிருக்க முடியும். அந்த ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. மட்டக்களப்பில் வாவிக்கு இக்கரையும் அக்கரையும் மறுபடி ஓர் ஊரானது போல இருந்தது. மண்முனைப் பாதையில், வெளியூரார் மொழியில் சொன்னால் அந்த இழுவைப் படகில், அக்கரையான படுவான்கரையின் நெல்லும் தயிர்ச் சட்டிகளும் பயமில்லாமல் வந்தன. சமாதான காலம் என்று இன்றும் எங்கள் சனங்கள் அந்த ஆண்டுகளைச் சொல்வார்கள். அந்தப் பெயர் பொய் இல்லை. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வந்த அந்த ஆயுதமில்லாத மனிதர்கள் இருந்ததால் தப்பிய உயிர்கள் நிறைய. அதை மறைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

குழுவின் தலைமையகம் கொழும்பில். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டங்களில் அலுவலகங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஐந்து பேர் கொண்ட உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒன்று. அரசாங்கம் இருவரை நியமிக்கும், இயக்கம் இருவரை நியமிக்கும், வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர் தலைமை வகிப்பார். ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச ஊழியர்கள், மதத் தலைவர்கள் போன்றோரிலிருந்து ஆட்களைத் தெரியலாம் என்று ஒப்பந்தமே சொன்னது. ஊருக்குள் மதிப்புள்ள ஆட்கள் பக்கத்தில் இருந்தால் சிறிய பிணக்குகள் பெரிதாகாது என்ற நல்ல எண்ணம் அது. சிறிய பிணக்குகள் பலவற்றில் அது பலித்தும் இருக்கிறது. வயலுக்குப் போகும் பாதை, வலை போடும் எல்லை, சோதனைச் சாவடியில் ஒருவருடைய சைக்கிளைப் பறித்த கதை என்று எத்தனையோ விடயங்கள் பேசியே தீர்ந்தன.

பெரிய விடயங்களின் கதை வேறு. அலுவலக வாசலில் காத்திருந்த தாய்மாரை நான் பல காலை நேரங்களில் பார்த்திருக்கிறேன். ஒருவரை மட்டும் சொல்கிறேன். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையிலிருந்து முதற் பாதையில் வந்தவர். பொலித்தீன் பைக்குள் மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் கிராம சேவகரின் கடிதமும் ஒரு படமும் இருந்தன. அந்தப் பிள்ளைக்கு வேறு படம் எடுத்ததில்லை. சாமத்தியச் சடங்கில் மாலையும் நெற்றிச்சுட்டியுமாக எடுத்த அந்த ஒன்றுதான். பிள்ளைக்குப் பதினைந்து வயது. ரியூசன் முடிந்து வரும் வழியில் இயக்கத்தார் கொண்டு போய்விட்டார்கள். மொழிபெயர்த்துக் கொண்டிருந்தவன் எங்கள் பக்கத்துப் பொடியன்தான். தாய் அவனைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: “எல்லாத்தையும் எழுதுங்க மனே. என்ட பேர மட்டும் எழுதிப் போடாதீங்க.” பெயரில்லாமல் முறைப்பாடு பதிய முடியாது. பெயரைக் கொடுத்தால் மறு பாதையில் அவர் திரும்பிப் போக வேண்டியது அதே கரைக்கு. கடைசியில் பெயரைக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார்.

கண்காணிப்பாளர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். விசாரிக்கவும் போனார்கள். சிறுவர் சேர்ப்பு அவர்களுடைய கணக்கில் மிகப் பெரிய பகுதியானது. ஆனால் மீறல் என்று தீர்மானித்த பிறகு செய்வதற்கு ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. ஒப்பந்த வாசகத்துக்கு விளக்கம் சொல்லும் இறுதி அதிகாரம் குழுத் தலைவருக்கு இருந்தது. அந்த விளக்கத்தை மதிக்காத தரப்புக்கு என்ன நேரும் என்று ஒரு வரியும் எழுதப்படவில்லை. சித்திரவதை, கடத்தல், கப்பம் எல்லாம் செய்யக்கூடாது என்று எழுதியிருந்தது. செய்தால் என்ன என்று எழுதவில்லை. இரு தரப்பும் கையெழுத்திடச் சம்மதித்ததே அந்த வெற்றிடம் இருந்ததால்தான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அப்படியானால் அந்தக் குறையை ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அடைத்திருக்க வேண்டும். 2002 செப்டெம்பரிலிருந்து 2003 மார்ச் வரை தாய்லாந்திலும் ஒஸ்லோவிலும் பேர்லினிலும் ஹக்கோனேயிலுமாக ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. ஒஸ்லோவில் கூட்டாட்சி அடிப்படையில் தீர்வை ஆராய்வதாக இரு தரப்பும் ஒத்துக்கொண்டதாக அறிவிப்பும் வந்தது. அதை எழுத்தில் வளர்த்தெடுக்கும் வேலையை யாரும் தொடவில்லை. 2003 ஏப்ரலில் இயக்கம் பேச்சிலிருந்து விலகியது. அதன் பிறகு மேசையில்லாத கண்காணிப்பு மட்டும் மிஞ்சியது. எதை நோக்கிப் போகிறோம் என்று தெரியாத இடைக்காலத்தை ஐந்து வருடம் காவல் காக்கச் சொன்னால் யாரால் முடியும்?

இன்னொரு பெரிய ஓட்டை, ஒப்பந்தம் இரண்டு தரப்புக்கு மட்டுமே எழுதப்பட்டது. கிழக்கில் மூன்றிலொரு பங்களவு இருக்கும் முஸ்லிம் மக்கள் அதில் ஒரு தரப்பு இல்லை. மூதூரிலும் வாழைச்சேனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டபோது அந்தக் குறை உடனே தெரிந்தது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தார். ஏப்ரலில் பெரிய வெள்ளிக்கிழமை வெருகல் ஆற்றங்கரையில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு மட்டக்களப்பு நகரில் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போகும் காலம் தொடங்கியது. மே மாதக் கடைசி நாள் எங்கள் தொழிலின் மூத்தவர்களில் ஒருவரான ஐயாத்துரை நடேசனைப் பட்டப்பகலில் கொன்றார்கள். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், தேவாலயத்துக்குள்ளேயே, நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கைகளில் ஆயுதம் இருக்கும்போது, இரு தரப்புக்கும் எழுதிய ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு கண்காணிப்பாளர் எதைக் கண்காணிப்பார்?

2006ஐப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. ஆனாலும் சில விடயங்கள் பதிவில் இருக்கட்டும். மே இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. கண்காணிப்புக்கு அது கேடாகும் என்று குழுவின் அன்றைய தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன், அவர் சுவீடன் நாட்டவர், வெளிப்படையாகவே எச்சரித்தார். பதிலுக்குப் புலிகள், ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டவர்களும் வெளியேற வேண்டும் என்றார்கள். குழு பாதிக்கும் கீழாகச் சுருங்கியது. ஓகஸ்டில், புலிகள் மூடிவைத்திருந்த மாவிலாறு மதகைத் திறப்பிக்க ஹென்றிக்சன் நேரில் போயிருந்தபோது அந்தப் பக்கமாகவே எறிகணைகள் விழுந்தன. அதே நாட்களில் மூதூரில் பட்டினிக்கெதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர், அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். பாதுகாப்புப் படைகளே பொறுப்பு என்று ஹென்றிக்சன் அந்த மாத இறுதியில் தீர்மானம் எழுதினார். அரசாங்கம் நிராகரித்தது. அத்தோடு சரி. நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த அகதிகள் மேல் எறிகணை விழுந்தது. அங்கே போய்ப் பார்த்த கண்காணிப்பாளர்கள், அவ்விடத்தில் இராணுவ நிலைகள் எதையும் காணவில்லை என்று சொன்னார்கள். இவ்வளவு தெளிவான வாக்குமூலம் ஒரு யுத்தத்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதை வைத்து எந்தத் தலைநகரமும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. 2008 ஜனவரி 2ஆம் திகதி அரசாங்கம் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பதினான்கு நாள் முன்னறிவித்தல் முடிந்து 16ஆம் திகதி குழுவின் வேலை நின்றது.

இப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு அச்சேயைக் காட்ட விரும்புகிறேன். சுமாத்திராவின் வடமுனை. எங்களைப் போலவே சுனாமி தின்ற மண். எங்களை விடவும் பல மடங்கு உயிர்களை இழந்த மண். எங்கள் ஒப்பந்தம் எழுதப்பட்ட அதே 2002இன் டிசெம்பரில் அங்கேயும் ஜெனீவாவில் ஒரு போர்நிறுத்தம் கையெழுத்தானது. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் அதிகாரிகள் கண்காணிக்க வந்தார்கள். ஆறு மாதம் தாங்கவில்லை. 2003 மே மாதம் இந்தோனேசியா இராணுவச் சட்டத்தை அறிவித்தது. அதாவது முதற்தடவை அவர்களும் எங்களைப் போலவே தோற்றார்கள்.

இரண்டாந்தடவை பாடம் கற்றுக்கொண்டு வந்தார்கள். பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அத்திசாரி, எல்லாவற்றிலும் உடன்பாடு காணும் வரை எதிலும் உடன்பாடு இல்லை என்ற பிடியோடு ஹெல்சிங்கியில் பேச்சை நடத்தினார். 2005 ஓகஸ்ட் 15இல் கையெழுத்தானபோது சுயாட்சி, உள்ளூர்க் கட்சிகள், பொதுமன்னிப்பு, வளங்களில் பங்கு எல்லாமே அந்த ஒரே தாளில் இருந்தன. கண்காணிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஆசியானின் ஐந்து நாடுகளும் சேர்ந்து அனுப்பிய அந்தக் குழுவிடமும் ஆயுதம் இல்லை. ஆனால் வேலைக்குத் திகதி இருந்தது. சுதந்திர அச்சே இயக்கம் 840 ஆயுதங்களை நான்கு கட்டமாக ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாக வெளிமாகாணப் படைகள் வெளியேற வேண்டும். ஒப்படைத்த துப்பாக்கிகளைச் சனங்கள் பார்த்திருக்க, வெட்டும் இயந்திரத்தால் துண்டு துண்டாக அறுத்தார்கள். வருட முடிவுக்குள் ஆயுத ஒப்படைப்பு முடிந்தது. படை விலகலும் அதையொட்டி முடிந்தது. பிணக்கு வந்தால் குழுத் தலைவரின் தீர்மானம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்; அதற்கும் மேலே போனால் அத்திசாரியின் அமைப்பின் முடிவே இறுதி. இரு தரப்பும் இதை எழுதி ஏற்றிருந்தார்கள். 2006 டிசெம்பரில் தேர்தல் நடந்தது. இயக்கத்தில் இருந்த இர்வாண்டி யூசுப் ஆளுநரானார். கண்காணிப்பாளர்கள் அதே மாதம் வீட்டுக்குப் போனார்கள்.

அச்சேயும் இலங்கையும் ஒன்றல்ல என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். கொழும்பில் சுனாமி நிதிக்கான பொதுக் கட்டமைப்பைக்கூட உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. புலிகள் தனிநாட்டைக் கைவிடுவதாக எந்தக் கட்டத்திலும் எழுதிக் கொடுத்திருப்பார்களா என்பதும் நியாயமான கேள்வி. அச்சேயிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. உண்மை ஆணைக்குழுவை அமைக்கப் பத்து வருடத்துக்கும் மேல் இழுத்தடித்தார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. இருந்தும் அங்கே யுத்தம் திரும்பவில்லை. கண்காணிப்பாளர் கெட்டிக்காரரா இல்லையா என்பதை விட, அவர் கையில் கொடுக்கப்பட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் நம்புவதற்கு அச்சேயின் இரண்டு முயற்சிகளுமே சான்று. அதே மண், அதே இரு தரப்பு, வேறு தாள்.

உக்ரைனின் கிழக்கில் நடந்தது எங்கள் கதைக்குக் கிட்டியது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு 2014 மார்ச்சிலிருந்து எட்டு வருடம் அங்கே கண்காணித்தது. எங்களிடம் இல்லாத ஆளில்லா விமானங்களும் இரவுக் கமராக்களும் அவர்களிடம் இருந்தன. 2017இல் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான போர்நிறுத்த மீறல்களைப் பதிந்தார்கள். தினமும் அறிக்கை வெளியானது. ஆனால் அமைப்பின் 57 நாடுகளும் ஒருமித்தால்தான் குழுவின் காலம் நீளும். 2022 மார்ச்சில் ரஷ்யா மறுத்தது, குழு முடிந்தது. சர்வதேச ஊழியர்கள் வெளியேறினார்கள். உள்ளூர் ஊழியர்களில் சிலர் பிடிபட்டார்கள். லுகான்ஸ்கில் இருவருக்கு அந்தச் செப்டெம்பரில் 13 வருடச் சிறை விதித்தார்கள். கண்காணிப்புக் குழுவில் வேலை பார்த்ததே அவர்களுக்குத் தேசத்துரோகமாகப் போயிற்று. இந்தச் செய்தியை வாசித்த அன்று எங்கள் ஊர் மொழிபெயர்ப்பாளர்களை நினைத்துக்கொண்டேன். வந்தவர்கள் விமானம் ஏறிப் போவார்கள். வாகனம் ஓட்டியவர், மொழிபெயர்த்தவர், வாசலில் வந்து பெயர் கொடுத்தவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். இவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று எந்தச் சமாதானத் திட்டத்திலும் நான் முழுசாக ஒரு பந்தி வாசித்ததில்லை.

எங்கள் யுத்தத்தின் கடைசி மாதங்களிலும் யாரோ எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டுப் போகவேண்டாம் என்று சனங்கள் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று மன்றாடினார்கள். போய்விட்டார்கள். ஆனாலும் கொழும்பில் இருந்த ஐ.நா. ஊழியர்கள் வன்னிக்குள்ளிருந்து வந்த தகவல்களைச் சரிபார்த்து, 2009 மே 13 வரைக்கும் 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயமடைந்ததாகவும் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை அப்போது வெளியிடவில்லை. 2011இல் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு வந்து, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வே தாங்கள் தவறியதை ஏற்றுக்கொண்டது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

ஆகவே இனி எந்த நாட்டுக்குக் கண்காணிப்பாளரை அனுப்புவதானாலும், அரசியல் தீர்வின் முதுகெலும்பு கையெழுத்தாகும் முன் அனுப்பக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கிச் சூடு நிற்பதற்கே அவர்கள் தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆனால் தீர்வுக்கு ஒரு திகதி வைக்காமல் அனுப்பக்கூடாது. மீறல் என்று தீர்மானித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது, இரு தரப்பும் அறிய, அனுசரணை நாடுகளும் தங்கள் பெயரைப் போட்டு, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உதவிப் பணம் நிற்குமா, ஆயுத விற்பனை நிற்குமா, பயணத்தடை வருமா, எதுவானாலும் இருபுறத்துக்கும் ஒரே அளவாக. ஐரோப்பிய ஒன்றியம் எங்களுக்குச் செய்தது ஒருபக்கத் தண்டனை. அதனால் ஒழுங்குக்கு வந்தவர் எவருமில்லை. கண்காணிப்பு மட்டும் உடைந்தது. ஆயுதம் வைத்திருக்கும் எல்லாரும், அந்த மண்ணில் வாழும் எல்லாச் சமூகங்களும் ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும். சாட்சி சொன்னவருக்கும் உள்ளூர் ஊழியருக்கும் குழு போன பிறகும் தொடரும் பாதுகாப்பு வேண்டும். தேவைப்பட்டால் நாட்டை விட்டு வெளியேற விசா உட்பட.

இது எங்களுக்கு முடிந்துபோன விடயமும் அல்ல. 2021 மார்ச்சில் ஜெனீவாவின் 46/1 தீர்மானத்தின்படி, இலங்கையில் நடந்த குற்றங்களுக்கான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பிரிவொன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் அமைக்கப்பட்டது. எங்கள் தாய்மார் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வருடாவருடம் ஜெனீவாவுக்குப் போகும் எங்கள் அரசியல்வாதிகளும் புலம்பெயர் அமைப்புகளும் புதுத் தீர்மானத்தின் வாசகத்துக்காகச் சண்டை பிடிப்பதை ஒருபக்கம் வைத்துவிட்டு, ஒரு விடயத்தை மட்டும் கேளுங்கள்: அந்தச் சான்றுகளை எடுத்து, தன் நாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க எந்த நாடு முன்வருகிறது? அந்த நாட்டின் பெயரோடு திரும்பி வாருங்கள்.